வயோமிங் சாலையில் ஒற்றை விரல்

புது ஊருக்குப் போகப் பயமா இருக்குன்னு முன்வரிசையில ஒரு தங்கை சொன்னாங்க இல்லையா... அதுக்கு என்கிட்ட அறிவுரை எதுவும் இல்ல. ஒரு சின்னக் கதைதான் இருக்கு. சொல்லட்டுமா?

பேச்சியம்மாள்னு ஒரு கணக்கு டீச்சர். சங்கரன்கோவில்காரங்க. கல்யாணமாகி அமெரிக்கா போய், அங்கேயும் பரீட்சை எழுதி வேலை தேடினாங்க. தேடினாங்க... தேடினாங்க... கிடைக்கல. கடைசியா வயோமிங்னு ஒரு மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் கூப்பிட்டுச்சு. மனுஷங்களைவிட மாடு அதிகமா இருக்கிற மாநிலம் அது. "மதியம் நேர்காணல், வந்துடுங்க"ன்னாங்க. புருஷன் செந்தட்டி காரை எடுத்தார்.

அது எப்படிப்பட்ட ரோடு தெரியுமா? ரெண்டு பக்கமும் காஞ்ச புல்லு, கம்பி வேலி, அதுக்கு மேல வானம். டீக்கடை? இல்ல. போஸ்டர்? இல்ல. நம்ம முகம் மாதிரி ஒரு முகம்? காலையிலேருந்து ஒண்ணுகூட இல்ல. பெட்ரோல் போடற இடத்துல காப்பி வாங்க உள்ள போனாங்க. தொப்பி போட்ட நாலு பேர் பேசிட்டிருந்தவங்க, இவங்களைப் பார்த்ததும்... நிறுத்திட்டாங்க. இவங்க வெளிய வர்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கல. அந்த மௌனம் முதுகுல ஒட்டிக்கிட்டு காருக்குள்ளேயும் வந்துடுச்சு.

அதுக்கப்புறம் எதிர்ல ஒரு பிக்கப் வண்டி. ஓட்டறவர் ஸ்டியரிங்லேருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டிட்டுப் போறார். அடுத்த வண்டி... அவரும் விரலைத் தூக்கறார்.

நம்ம ஊர் ரோட்டுல, முன்னப்பின்ன தெரியாதவர் எதிர்ல வந்து கையைக் காட்டினா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க... ஆமா. "அக்கா, சைடு ஸ்டாண்டு." "அக்கா, துப்பட்டா சக்கரத்துல." வண்டியில ஏதோ கோளாறு. அவ்வளவுதானே?

"ஏங்க, நிறுத்துங்க. ஏதோ சொல்றாங்க."

இறங்கிப் பார்த்தாங்க. டயர் சரி. கதவு சரி. டிக்கி சரி. துப்பட்டா தோள்லதான் கிடக்கு. கிளம்பினா, அடுத்த வண்டியிலேயும் விரல். மறுபடி நிறுத்தினாங்க.

"சைடு ஸ்டாண்டை எடுத்தீங்களா?"

"காருக்கு எங்கடி இருக்கு சைடு ஸ்டாண்டு?"

"பதட்டத்துல வந்துருச்சு. நீங்க அடியில குனிஞ்சு பாருங்க."

தேய்ச்ச வெள்ளைச் சட்டையோட மனுஷன் ரோட்டுல படுத்துப் பார்த்தார். எழுந்து புழுதியைத் தட்டினார். "வண்டியில ஒண்ணுமில்ல பேச்சி."

அந்தம்மா வந்த ரோட்டையே திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க... "அப்ப நம்மளைத்தான் காட்டறாங்க. கடையில பார்த்தீங்கல்ல? ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாலயே இப்படி. இவங்க பிள்ளைங்க முன்னாடி நான் எப்படி நின்னு பாடம் நடத்துவேன்? திருப்புங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

செந்தட்டி ஏறி உட்கார்ந்து இண்டிகேட்டரைப் போட்டார். ஆளே இல்லாத ரோட்டுல இண்டிகேட்டர்... வண்டியைத் திருப்ப மனசில்லாம நேரம் கடத்தறவங்க போடறது அது.

அப்ப பின்னாலேருந்து வைக்கோல் ஏத்தின வண்டி ஒண்ணு வந்து பக்கத்துல நிக்குது. ஓட்டறது ஒரு பொண்ணு, பேச்சியம்மாள் வயசுதான் இருக்கும். மடியில ஒரு நாய். "என்னாச்சு? தண்ணி இருக்கா? இந்த ரோட்டுல நிக்கிற வண்டியை நாங்க விட்டுட்டுப் போக மாட்டோம். அடுத்தது எப்ப வரும்னு தெரியாது."

பேச்சியம்மாள் கேட்டே விட்டாங்க. "வழியெல்லாம் எல்லாரும் எங்களைப் பார்த்து விரல் காட்டறாங்களே, நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

அந்தப் பொண்ணு சிரிக்கிற சிரிப்புல நாய் எழுந்துடுச்சு. "அது வணக்கம். ரோட்டுல யார் வந்தாலும் சொல்லுவோம். நீங்க பதிலுக்குத் தூக்கலையா?"

"இல்லையே."

"ஒருத்தருக்குமா? அடக் கடவுளே. யாரோ திமிரு பிடிச்சவங்க போறாங்கன்னு இந்நேரம் ஊரே பேசிட்டிருக்கும்."

கேட்டீங்களா? நம்மளை ஒதுக்கறாங்கன்னு இவங்க கலங்கிட்டு வர்றாங்க. நம்மளை மதிக்காம போறாங்களேன்னு அவங்க நினைச்சிட்டிருக்காங்க. ரெண்டு பக்கமும் ஒரே வருத்தம்... நடுவுல ஒரு விரல்.

பேச்சியம்மாள் கீழ இறங்கி செந்தட்டி பக்கம் வந்தாங்க. "தள்ளி உட்காருங்க. நான் ஓட்டறேன்." முதல் வண்டிக்கு விரலைத் தூக்கினாங்க. எதிர்ல உடனே பதில். அடுத்தது டிராக்டர். அதுக்கும் பதில். கொஞ்ச தூரத்துல செந்தட்டி சொல்றார், "போதும் பேச்சி. இப்ப நீ மாட்டுக்கு வணக்கம் வெச்சே."

நேர்காணல்ல அஞ்சு பேர். சிரிப்பே இல்ல. ஒருத்தர் கேட்டார்: "வெளியூர் டீச்சருங்க வர்றாங்க, முதல் பனிக்கே ஓடிடறாங்க. நீங்க எத்தனை நாளைக்கு?"

அந்தம்மா மறைக்கல. "பனியா? நான் வர்ற வழியிலேயே ஓடப் பார்த்தேன் சார்." நடந்ததை அப்படியே சொன்னாங்க. டயரைப் பார்த்தது, சட்டையோட படுத்தது, எல்லாம். அஞ்சு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அந்தம்மா முடிச்சாங்க: "தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். அழிச்சுட்டு மறுபடி போட்டேன். வந்துட்டேன். உங்க பிள்ளைங்களுக்கும் இதைத்தான் சொல்லித் தருவேன்."

வேலை அவங்களுக்குத்தான். அங்கேயே, அந்த மேஜையிலேயே.

தங்கைகளே... புது ஊர்ல எல்லாப் பார்வையும் அன்புதான்னு நான் சொல்ல வரல. கடையில அந்த நாலு பேர் ஏன் பேச்சை நிறுத்தினாங்கன்னு பேச்சியம்மாளுக்கு இன்னிக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாததாவே வெச்சுக்கோங்க... உங்களுக்கு எதிரான சாட்சியா மாத்தாதீங்க. அர்த்தம் புரியலையா? நின்னு கேளுங்க. கேக்க ஆளில்லையா? நீங்க முதல்ல வணக்கம் சொல்லிப் பாருங்க. அடுத்த மாசம் உங்கள்ல பாதிப் பேர் பெட்டி கட்டப் போறீங்க. பயத்தோடவே போங்க, பரவாயில்ல. பயந்தவங்களும் போய்ச் சேர்ந்திருக்காங்க. போய்ச் சேர்ந்து, அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கே கணக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.