ஊசலில் பிழையில்லை

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது, மேடம். உட்காரும்போதே கவனித்தேன். பெரிய விஷயமில்லை, ஒரு திருகை இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் தினமும் யாராவது இதில் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் கொஞ்சம் வயதானவராக இருந்து, பின்னால் சாய்ந்து, தலை அந்த இரும்பு அலமாரியின் முனையில் இடித்தால் என்ன ஆகும் என்று இங்கே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எனக்கு அது பழகிப்போன புத்தி. ஓர் அறைக்குள் நுழைந்தால், இங்கே யாருக்கு எப்படி அடிபடும் என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

நான் வந்தது உங்கள் போலீஸ் அறிக்கையில் உள்ள ஒரு தவறைத் திருத்துவதற்கு. என் தங்கையின் கணவர், எங்கள் அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் தலைவர், மேடையில் செய்முறை காட்டும்போது 'தன்னையறியாமல் முன்னால் சாய்ந்ததால்' இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சாயவில்லை. இயற்பியல் ஆசிரியர் ஒருவரைப் பற்றி அப்படி எழுதி வைப்பது அநியாயம். எழுதிக்கொண்டிருக்கும் தம்பியிடம் சொல்லுங்கள், நான் மெதுவாகவே பேசுகிறேன்.

சங்கத்தை ஆரம்பித்தது நானும் மாப்பிள்ளையும்தான். அப்போது அவர் என் மாப்பிள்ளை ஆகியிருக்கவில்லை. ஒரே பள்ளியில் நான் வேதியியல், அவர் இயற்பியல். ஒரு விடுமுறை நாளில் எங்கள் ஆய்வகத்தில் பத்துப் பதினைந்து ஆசிரியர்கள் கூடினோம். எந்தப் பள்ளியில் நுண்ணோக்கி இல்லையோ அங்கே எங்கள் நுண்ணோக்கி போய் ஒரு மாதம் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டு வரும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுப்போம். பிறகு சங்கம் வளர்ந்தது. அவரைத் தலைவராக்கினார்கள். அவர் பேச ஆரம்பித்தால் சுவரில் இருக்கும் பல்லிகூடத் திரும்பிப் பார்க்கும். நான் செயலாளர். அரங்கம் பிடிப்பது, நாற்காலி போடுவது, மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. ஆண்டு மாநாட்டில் ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு மேடை உண்டு. ஆய்வகப் பாதுகாப்பு பற்றிய வகுப்பு.

அந்த வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களும் செல்போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர்களுடைய மாணவர்களை நினைத்துத்தான் கவலை.

ஒரு பயிற்சி முகாமில் வேதியியல் டீச்சர் ஒருவர் எரிசாராயப் பாட்டிலைத் திறந்தபடி விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்திருந்தவரிடம் தன் குழந்தையின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் அதைப் பற்றி நான் பேசியிருந்தேன். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியிருந்தார். பாட்டிலை நான் பார்த்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

தீ புடவைத் தலைப்பில் பிடித்து, தோள்வரை ஏறியது. ஈரச் சாக்கைப் போர்த்தி அவரைத் தரையில் உருட்டியது நான்தான். மற்றவர்கள் அலறிக்கொண்டு நின்றார்கள். அவர் பிழைத்தார். வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே சுருங்கிவிட்டது. அடுத்த மாநாட்டில் என் வகுப்பில் உட்கார இடமில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் குறித்துக்கொண்டார்கள். அந்தக் கையின் படத்தைத் திரையில் போட்டபோது ஊசி விழுந்தால் கேட்கும். அந்த டீச்சரும் வந்திருந்தார். படம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாம், அது என் தவறு.

ஆனால் மனிதர்களுக்கு மறதி அதிகம், மேடம். மறுபடியும் கூட்டம் கரைந்தது. அதனால் வேறொரு முகாமில், அமிலக் குடுவையைப் பிடித்திருந்த தாங்கியின் திருகை நானே தளர்த்தி வைத்தேன். பாதி திருப்புதான். தினமும் சரிபார்க்கிற ஆசிரியராக இருந்தால் தொட்டதுமே தெரிந்திருக்கும். அதை எடுத்துப் பயன்படுத்திய விலங்கியல் வாத்தியார் தொட்டுப் பார்க்கவில்லை, குடுவை சரிந்து அமிலம் அவர் காலில் கொட்டியது. இப்போதும் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அதற்கப்புறம் நான் போகும் பள்ளிகளில் எல்லாம் ஆசிரியர்கள் திருகுகளை விரலால் தொட்டுப் பார்ப்பதைக் கண்டேன். எத்தனை பிள்ளைகளின் கால்கள் தப்பியிருக்கும் என்று யாரால் கணக்குப் போட முடியும்?

இந்த வருடம் செயற்குழு கூடியபோது மாப்பிள்ளைதான் பேச்சை எடுத்தார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவை பாதுகாப்பு வகுப்பு வேணாம்னு பாக்குறோம்."

"ஏன்?"

"உங்க படங்களைப் பாத்துட்டுப் போறவங்க லேப் கதவையே தொறக்க மாட்டேங்குறாங்க. பூட்டுல துரு ஏறிக் கெடக்கு. பிள்ளைங்க ஒரு தீக்குச்சி உரசாமலே பள்ளிக்கூடத்தை முடிச்சிட்டுப் போகுதுங்க. நாம சங்கம் ஆரம்பிச்சது அதுக்கா, சொல்லுங்க?"

"ஜாக்கிரதையா இருக்காங்கன்னு சொல்லுங்க."

"பயந்துபோய் இருக்காங்க மச்சான். ஜாக்கிரதை வேற, பயம் வேற."

கை சுருங்கிய அந்த டீச்சரும் குழுவில் இருந்தார். அவர் இடது கையைத் தூக்கி, "தலைவர் சொல்றது சரி" என்றார். எனக்கு அதுதான் புரியவில்லை. அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்திருந்தேன்.

என்னுடைய நேரத்தில் மாப்பிள்ளை ஒரு செய்முறை காட்டுவதாக முடிவானது. அரங்கத்தின் உத்தரத்திலிருந்து நீளக் கம்பியில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிடுவார்கள். ஒரு ஆள் தூக்கத் திணறும் கனம். அவர் மேடையின் ஒரு கோடியில் பலகையில் முதுகையும் தலையையும் ஒட்டி நின்றுகொண்டு, குண்டைத் தன் தாடை வரைக்கும் இழுத்து, விட்டுவிடுவார். அது மேடையைக் கடந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பி அவர் முகத்தை நோக்கி வரும். ஆனால் விட்ட இடத்துக்கு மேல் ஒரு நூல்கூட வராது. ஊசலின் விதி அது. விதியை நம்புகிறவன் கண்ணை மூடாமல் நிற்கலாம்.

"பயம் போகணும்னா இதைத்தான் காட்டணும்" என்றார் என்னிடம். வீட்டில் தங்கை பயந்ததற்கு, "உங்க அண்ணன்தான் கூட இருக்காரே, அப்புறம் என்ன?" என்றாராம்.

கம்பியை, கொக்கியை, உத்தரத்தை எல்லாம் நானே சோதித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் வேண்டுமானால் இன்னொரு முறை பார்க்கலாம். மாநாட்டு நாளில் முகக் கவசம் ஒன்றைக் கொண்டுபோய் மேடையில் அவரிடம் நீட்டினேன். மைக் அவர் கையில் இருந்தது.

"பாருங்க, நம்ம செயலாளர் குளிக்கும்போதுகூட ஹெல்மெட் போட்டுக்கிறவர். தண்ணி தலையில விழுந்துடுமாம்."

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் என் தோளில் தட்டி, "இதை மாட்டிக்கிட்டா அப்புறம் நம்பிக்கை எங்க மச்சான் இருக்கு?" என்றார். அந்தச் சிரிப்புக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

கவசத்தோடு மறுகோடிக்குப் போய்ப் பக்கத்துத் திரைச்சீலையின் பின்னால் நின்றுகொண்டேன். பாதுகாப்புக்கு ஆள் நிற்க வேண்டிய இடம் அதுதான். விளக்குகளை எல்லாம் அவர் முகத்தின் மேல் திருப்பியிருந்தார்கள். நான் இருந்த பக்கம் இருட்டு.

அவர் குண்டை விட்டார். அது ஆடி வந்து, சீலையின் மடிப்பை விலக்கிக்கொண்டு என் தாடைக்கு நேரே உயர்ந்து நின்றது. ஊசல் திரும்புவதற்கு முன்னால் ஒரு கணம் அசையாது, மேடம். அந்தரத்தில் நிற்கும். வகுப்பில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறேன், அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அது திரும்ப ஆரம்பித்ததும் பின்காலை ஊன்றி, உடம்பின் மொத்த பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன். இரண்டு அடி கூடவே ஓடினேன் என்று நினைக்கிறேன். கைகள் சீலைக்கு வெளியே வந்துவிட்டன.

எல்லோரும் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் என் கைகளைப் பார்த்தார். அந்தக் கண்கள் எனக்கு நன்றாகத் தெரியும். பார்த்தார், புரிந்துகொண்டார். விலக நேரம் இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தால்கூடப் போதும். அவர் அசையவில்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்துவிட்டேன். விதியை நம்பி நின்றார் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதையாவது நம்பி நின்றார் என்று நினைத்தால் தூக்கம் வராது.

சத்தம் பெரிதாக இல்லை. நனைந்த துணிமூட்டையைத் துவைக்கும் கல்லில் போட்டது போல இருந்தது. அவருடைய தலை இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. பல் ஒன்று முன்வரிசையில் இருந்த ஒரு டீச்சரின் மடியில் விழுந்தது. அவர் அதை என்னவென்று தெரியாமல் கையில் எடுத்துப் பார்த்தார். குண்டு பின்வாங்கி மறுபடியும் போனது. அவர் சரிந்துகொண்டிருந்தபோது இரண்டாம் முறையாக வந்து நெற்றியில் இடித்தது. யாரும் கிட்டே போகவில்லை. நான்தான் ஓடிப்போய்க் குண்டைக் கட்டிப்பிடித்து நிறுத்தினேன். என் சட்டையில் இருந்த ரத்தத்துக்கு அதுதான் காரணம் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அது சரியான தகவல்.

ஆம்புலன்ஸில் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். பேச வாய் இல்லை. மூச்சு விடும்போது குமிழி குமிழியாக வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பிடி தளர்ந்தது.

இரங்கல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். இனி எல்லா மாநாட்டிலும் ஒரு முழு நாள் பாதுகாப்புக்கு. அதற்கு அவருடைய பெயரையே வைக்கலாம் என்று முன்மொழிந்தது நான்தான்.

தங்கைக்குத் துணையாக அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். அவள் அழுவது குறைந்ததும் உங்கள் அறிக்கை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, அவரு அவ்வளவு அஜாக்கிரதையானவரா?" என்று கேட்டாள். என் மருமகள், அதாவது அவளுடைய பெண், மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். அவள் அதை அம்மாவிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இன்று மதியம் அந்த அறையில் டொக், டொக் என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மின்விசிறிக் கொக்கியில் கயிறு கட்டி, பெரிய பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். சுவரோடு ஒட்டி நின்று, மூக்குவரை இழுத்து விடுகிறாள். திரும்பி வருகிறது. மறுபடியும் விடுகிறாள். மூக்கின் நுனி சிவந்திருந்தது.

"மாமா, வேணும்னே முன்னாடி சாஞ்சு நின்னு பாத்தேன்" என்றாள். "படத்தான் செய்யுது. ஆனா லேசாத்தான் படுது. அந்த எடத்துல அதுக்கு வேகமே இல்ல."

"ஆமா. சரியாச் சொன்ன."

"அப்பாவுக்குத் தாடையே ஒடஞ்சிருக்கு. சாஞ்சதால அப்படி ஆகாது."

"ஆகாது."

"அப்போ அந்தப் பக்கம் யாரோ தள்ளியிருக்கணும்."

"தள்ளியிருந்தாத்தான் முடியும்."

அவள் பூட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பக்கம் நின்னது யாரு மாமா?"

"நல்ல கேள்வி" என்றேன். வகுப்பில் சொல்லிச் சொல்லி வாயில் பழகிய வார்த்தை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். அவளுக்கு அப்படியே அப்பாவின் கண்கள்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, மேடம்? அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்பாமல், தானே செய்து பார்த்து முடிவுக்கு வருகிற பிள்ளை. இப்படி ஒரு பிள்ளையை உருவாக்கத்தானே சங்கமே நடத்தினோம். அப்படிப்பட்ட பெண்ணுக்கு முன்னால் தப்பான அறிக்கை ஒன்று கிடக்கக் கூடாது என்றுதான் உடனே கிளம்பி வந்தேன். அவள் கேட்டதற்காக வரவில்லை. எப்படியும் வந்திருப்பேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாயவில்லை. கம்பியிலும் கொக்கியிலும் குறையில்லை. குண்டைத் தள்ளியது நான். அவரைக் கொன்றது நான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வீட்டில் இரண்டு பெண்கள் தனியாக இருக்கிறார்கள். ஆனாலும் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. நான் வாசல்படி இறங்கிச் செருப்பு மாட்டுவதற்குள் என் மருமகள் உள்ளேயிருந்து ஓடி வந்து மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டுக்கொண்டாள். மேசையையும் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருடம் நான் தொண்டை கிழியச் சொன்னதில், ஒருத்தியாவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.