கயிறு புடிக்க மாட்டேன் சார்

இல்ல சார், படவுல ஓட்டையெல்லாம் ஒன்னியுமில்ல. சும்மா சொன்னேன். கை வலின்னதும் பொய்தான். படவு வேணும்னா காலீல எடுத்துக்கினு போங்க, ஒரு பைசா தர வேணாம். ஆனா நீங்க கடலுக்குள்ள எறங்கறப்போ மேல கயிறு புடிக்கிற வேலைய மட்டும் என்னாண்ட கேக்காதீங்க. குப்பத்துல வேற ஆளே கெடைக்கலியா?

ஆமா, ஆசிஃப் தம்பிக்கு நான்தான் புடிச்சேன். யாரு சொன்னது, டீக்கடைக்காரனா? அவனுக்கு வாய் சும்மாவே இருக்காது.

தொண்ணூத்தஞ்சுல சார், தை மாசம். தம்பிக்கு மயிலாப்பூர்ல ஊடு. ஆர்பர்ல கப்பலுக்கு அடியில எறங்கி வேல செய்வாரு. ஞாயித்துக்கெழம ஆனா சிலிண்டர தூக்கிக்கினு இங்க வந்துடுவாரு. நம்ம குப்பத்தாண்ட கீற வேளாங்கண்ணி கோயிலுக்கு நேர் எதிர்ல, எட்டு ஆள் ஆழத்துல, அறுந்த வலை ஒன்னு கல்லுல மாட்டிக்கினு கெடந்துச்சி. முட்ட போட வர்ற ஆமைங்க அதுல சிக்கிக்கும். இவுரு போயி அறுத்து உடுவாரு. பொண்ணு பாக்கப் போற வயசுல ஆமைய பாக்கப் போறியேன்னு நான் கிண்டல் பண்ணுவேன், சிரிப்பாரு.

அவுரு இடுப்புல ஒரு முனை, என் கையில ஒரு முனை. தண்ணி கலங்கல், மேலேர்ந்து பாத்தா ஒன்னியும் தெரியாது. நாலு தபா இழுத்தா தூக்குன்னு அர்த்தம்.

ஒரு ஞாயித்துக்கெழம நான் ஒரு தப்பு பண்ணேன். கயிறு துள்ளிச்சி, பயந்துபோயி இழுத்துட்டேன். கயிறு வலைக்குள்ள பூந்து கெடந்திருக்கு, ஆமை உதைச்சதுலதான் துள்ளிச்சி. நான் இழுத்த இழுப்புல வலை ஆமை கழுத்த நெரிச்சிடுச்சி. செத்த ஆமைய தூக்கிக்கினு மேல வந்தாரு தம்பி. மடியில போட்டுக்கினு அழுவுறாரு. கரைக்கு வந்தப்பறம் என்ன புடிச்சாரு பாருங்க. அறிவு கீதா நைனா, ஆமை உதைக்கறதுக்கும் நான் இழுக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா, இனிமே ஆமை மேல வர்ற வரிக்கும் கயித்த தொடாதன்னு. அத்தினி பேர் எதிர்ல. அவுங்கப்பன் வயசு சார் எனக்கு.

அடுத்த வாரமும் போனோம். ரெண்டு பேரும் பேசிக்கல. அவுரு எறங்கனாரு, நான் கயித்த புடிச்சிக்கினு உக்காந்தேன்.

கொஞ்ச நேரத்துல இழுத்துச்சி. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. நின்னுச்சி. திரும்பவும் நாலு.

ஆமை உதைச்சா கன்னாபின்னான்னு துள்ளும். ஆமைக்கு எண்ணத் தெரியாது சார். எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் உக்காந்திருந்தேன். நீதான தொடாதன்ன, ஆமை வரட்டும் மொதல்லன்னு. வீம்பு. வேற இன்னா சொல்றது அத. ஒரு பீடி இழுக்குற நேரம் இருக்கும்.

ஆமை வந்துச்சி. படவாண்ட தலைய நீட்டி, புஸ்ஸுன்னு மூச்சு உட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சி. அப்பால இழுத்தேன். கனமா வந்துச்சி. சிலிண்டர சுத்தி ஒரு கொத்து வலை, வாயில இருக்க வேண்டிய குழா வெளிய தொங்குது. மூஞ்சிய நான் பாக்கல.

போலீஸ்ல கேட்டாங்க. கயிறு அசையவே இல்லன்னு சொன்னேன். தம்பியோட அம்மா, அன்வரி பேகம், அவுங்களும் கேட்டாங்க. அதையேதான் சொன்னேன். அந்தம்மா என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினு, எம்புள்ளய கடல்ல உடாம மண்ணுக்காவது கொண்டாந்து குடுத்தியே நைனான்னு அழுதாங்க. ரெண்டு வருசமா பக்ரீத்துக்கு அவுங்க ஊட்லேர்ந்து மொத பங்கு கறி எனக்குத்தான் வருது.

வாங்கிக்கிறேன் சார். வேணாம்னு திருப்பி அனுப்பினா ஏன்னு கேப்பாங்க இல்ல. அதுக்காவ துன்னுடறேன்.