கடைசி மரத்தைத் தொடாதே

மார்ச் மாசக் கடைசி. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். உறைந்துபோன ஏரி மேலே போகிற ஐஸ் பாதை. கரை எங்கேயோ இருக்கிறது... நடுவில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பனி வண்டி. வேறே ஈ காக்கை கிடையாது.

விளக்கைக் கொஞ்சம் இறக்குங்க. ஆங், போதும்.

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் ஏரி நடுவில் இந்த மீன்பிடிக் குடிசைக்குள், ஐஸ் துளை பக்கத்தில் இப்படிக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேனா? படகு மோட்டார் ரிப்பேர் பண்ணுகிற ஹெர்ப் இருக்கிறானே, அவன் பெண்டாட்டியின் தம்பிக்கு நடந்தது. பேர் வெர்லின். ஹெர்ப் பொய் சொல்கிற ஆள் இல்லை. மீன் எவ்வளவு நீளம் என்று கேட்டால் மட்டும்தான் சொல்வான்.

லோவெல், கதவு இடுக்கில் காற்று வந்துகொண்டே இருந்ததே, நின்றுவிட்டதா?

"நின்னுடுச்சு பெரியவரே. வர்ற வழியில ஒரு மரம் பிடுங்கிட்டு வந்தேன்ல, அதை வெளியில கதவோட அண்டக் கொடுத்துட்டேன்."

சரி. இருக்கட்டும். கேளுங்க.

முப்பது வருஷம் ஆச்சு. இப்போது மாதிரி சட்டைப் பையில் வழி சொல்கிற கருவி எல்லாம் கிடையாது. அந்த வருஷம் ஐஸ் அப்படி ஒரு கனம். நான் ஒரு துளை போட ஆரம்பித்தது ஜனவரியில், தண்ணீரைப் பார்த்தது பிப்ரவரியில். ஆனால் மார்ச் கடைசி வந்துவிட்டால் கனத்தை நம்பக்கூடாது. வெயில் உள்ளே இறங்கி ஐஸை ஊசி ஊசியாகப் பிரித்துவிடும். மேலே வெள்ளையாக இருக்கிற வரைக்கும் பிழைப்பு. கறுத்துவிட்டால்... உதைத்தாலே கண்ணாடிக் குச்சி சரிகிற மாதிரி கலகலவென்று கொட்டும். அதே சமயம் மீனுக்கும் அப்போதுதான் பசி எடுக்கும். ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக நகரும். அதனால்தான் புத்தி உள்ளவன் வீட்டுக்குப் போகிற நேரத்தில் நம்மைப் போன்றவர்கள் ஏரிக்கு வருகிறோம்.

கரையில் மார்லிஸ் அம்மா அப்போதே குடில்களும் சாப்பாட்டுக் கடையும் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஆர்டெல்தான் வருஷா வருஷம் மரம் நடுகிறவர். பண்டிகை முடிந்து ஊர்க்காரர்கள் தெருவில் போடுகிற கிறிஸ்துமஸ் மரங்களை எல்லாம் பொறுக்கி வந்து, ஐஸில் துளை போட்டு, வரிசையாக நட்டுவிடுவார். மரத்துக்கு மரம் பார்த்துப் போனால் போதும், எந்தப் பனிப்புயலிலும் வழி தப்பாது. மார்ச்சில் அவரே பிடுங்கி எடுப்பார். அதற்கு இரண்டு விதி வைத்திருந்தார். தூரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டே கரைக்கு வர வேண்டும். அப்போதுதான் எப்போதும் நமக்கு முன்னால் ஒரு மரம் நிற்கும். இன்னொன்று, வரிசையின் தொலைக்கோடியில் நிற்கிற கடைசி மரத்தைத் தொடவே கூடாது. அதை ஏரிக்கு விட்டுவிட வேண்டும்.

ஏன் என்று கேட்டால், வாயில் அதக்கிய புகையிலையை 'த்தூ' என்று துப்பிவிட்டுச் சொல்வார்: "நமக்குப் பின்னாடி யாராச்சும் வரணும்னா?"

அதற்கு முந்தின வருஷம், இதே வாரம், ஏரி நடுவில் இருக்கிற பெரிய விரிசல் மேல் போட்டிருந்த மரப்பாலத்தை எடுக்கப் போனார் ஆர்டெல். ஐஸ் வாய் பிளந்தது. வண்டியைக் கோடையில் தூக்கினார்கள். அவரைத் தூக்க முடியவில்லை. கிடைக்கவே இல்லை. மார்லிஸ் அழுததை யாரும் பார்க்கவில்லை. வாசல் விளக்கை மட்டும் அன்றைக்குப் போட்டவள், அணைக்கவே இல்லை.

அதனால்தான் அந்த வருஷம் வேலை வெர்லினுக்கு வந்தது.

மத்தியானம் கிளம்பும்போது மார்லிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"வெர்லின், தூரத்துலேருந்து பிடுங்கிட்டு வா. கடைசி மரத்தைத் தொடாதே."

"ஐஸ் மேல ஒரு குச்சி கிடக்கக்கூடாதுன்னு சட்டம், மார்லிஸ். ஃபைன் போடுவான்."

"போட்டா நான் கட்டிக்கறேன். சாயங்காலம் சர்ச்சுல மீன் வறுக்கணும்னு சொன்னியே, இருட்டறதுக்குள்ள வந்துடு."

"நான் இல்லேன்னா பாஸ்டரே வறுப்பாரு. ஊரே பட்டினி கிடக்கும். வந்துடறேன்."

நல்ல வெயில். ஐஸ் மேலே கணுக்கால் அளவு தண்ணீரும் சேறு மாதிரிப் பனியும். வெர்லின் வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த ஸ்லெட், சக்கரம் இல்லாத சறுக்குப் பலகைதானே, காலியாக இருந்ததால் அந்தச் சேற்றில் வாலை ஆட்டி ஆட்டிக் குதித்தது. இரண்டு தரம் கவிழ்ந்தே போனது. 'கொஞ்சம் கனம் ஏற்றினால் சொன்னபடி கேட்கும்' என்று நினைத்தான். போகிற வழியிலேயே முதல் மரத்தைப் பிடுங்கிப் போட்டான். ஸ்லெட் சமர்த்தாகிவிட்டது. அடுத்ததையும் போட்டான். திரும்பிப் பார்த்தால் ஊர்த் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிகிறது. இந்த வெயிலில் எவன் வழி தப்புவான்?

இப்படியே போகப் போக, தனக்குப் பின்னால் இருந்த வழியை எல்லாம் பிடுங்கி ஸ்லெட்டில் கட்டிக்கொண்டே போனான்.

பெரிய விரிசல் அப்போது மூடித்தான் இருந்தது. ஒரு கோடு. வண்டி தடக்கென்று தாண்டியது. இந்த விரிசல்கள் காற்று திரும்பினால் திறக்கும், அது வெர்லினுக்கும் தெரியும்.

கோடியில் கடைசி மரம். உச்சியில் யாரோ கழற்ற மறந்த சிவப்புக் கண்ணாடி உருண்டை ஒன்று தொங்கியது. மற்ற மரங்கள் ஒரு ஆட்டு ஆட்டினால் வந்துவிட்டன. இது வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்... கீழே யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. இன்னும் இழுத்தான். பிறகு பட்டென்று விட்டது. அவன் மல்லாந்து விழுந்தான். அந்தத் துளையில் தண்ணீர் ஒரு தரம் ஏறி இறங்கியது. 'களக்'. மிடறு விழுங்குகிற சத்தம்.

அதை எல்லா மரத்துக்கும் மேலே போட்டுக் கயிறு இறுக்கினான். நிமிர்ந்தால் தண்ணீர்த் தொட்டி இல்லை.

மழைத் தூறல். வெதுவெதுப்பான காற்று, ஜில்லென்ற ஐஸ். அந்த ரெண்டும் சேர்ந்தால் மூடுபனி எவ்வளவு வேகமாகக் கிளம்பும் என்று உங்களுக்கே தெரியும். பால் மாதிரி வந்தது. கொஞ்ச நேரத்தில் தன் கையுறையே தெரியவில்லை. வந்த தடத்தைப் பார்த்துப் போகலாம் என்றால் தடம் எல்லாம் தண்ணீருக்குள். வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுக்க ஆரம்பித்தது. வண்டியை அணைத்துவிட்டுக் காது கொடுத்தான்.

ஐஸ் எங்கேயோ முனகியது. அப்புறம்... ளப். ளப். ளப்.

அலை. திறந்த தண்ணீர் ஐஸ் விளிம்பில் மோதுகிற சத்தம். விரிசல் திறந்துவிட்டது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. இடது பக்கம் கேட்டது. திரும்பினால் வலது பக்கம் கேட்டது. எடுத்து வைக்கிற அடி கரைக்கா, ஆர்டெல் போன இடத்துக்கா... அந்தத் தண்ணீரில் விழுந்தவனுக்கு நீச்சல் தெரிந்தாலும் ஒன்று, தெரியாவிட்டாலும் ஒன்று.

அப்போது கையில் இருந்த டார்ச் வெளிச்சத்தில், எதிரே, ஒரு மரம்.

காய்ந்த மரம். கிளையில் ஜரிகை ஒட்டிக்கொண்டிருந்தது. 'ஒண்ணை விட்டுட்டோம் போல, நல்லதாப் போச்சு' என்று வண்டியைக் கிளப்பி அதை நோக்கிப் போனான். அதைத் தாண்டினால் இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. உயிர் வந்தது. சீட்டிகூட அடித்தான் என்கிறான் ஹெர்ப்.

ஓர் இடத்தில் மரங்கள் ஓரமாக ஒதுங்கின. 'ளப் ளப்' ரொம்பக் கிட்டத்தில், வலது கால் பக்கத்திலேயே கேட்டது. வண்டி தானாகவே மெதுவானது. ஸ்லெட்டின் பலகை 'கிறீச்' என்று ஒரு தரம் அழுந்தியது. அப்புறம் மரங்கள் மறுபடி விலகிப் போயின. வண்டி இப்போது முக்கி முக்கித்தான் இழுத்தது.

அடுத்த மரத்துக்கு உச்சி இரண்டாகப் பிளந்திருந்தது. நீல ரிப்பன் கட்டியிருந்தது.

அந்த ரிப்பன் மரத்தை மத்தியானம் அவனேதான் காலால் உதைத்துப் பிடுங்கினான். அவனேதான் ஸ்லெட்டில் போட்டான்.

மெல்லத் திரும்பிப் பார்த்தான். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது, முடிச்சும் அவன் போட்ட முடிச்சுத்தான். மலை மாதிரி இருந்த மரக்குவியலில் பாதி இல்லை. மீதிப் பாதிக்குப் பின்னால், மூடுபனியில், ஸ்லெட் பலகை தண்ணீர் மட்டத்துக்கு அழுந்தியிருந்தது. மரம் குறையக் குறையக் கனம் எப்படி ஏறும்?

அதற்குப் பிறகு அவன் திரும்பவில்லை. ஆனால் மூக்கை மூட முடியவில்லை. நனைந்த கம்பளி வாசனை. ஏரிச் சேற்று வாசனை. அப்புறம், புதினா போட்ட புகையிலை.

முதுகுக்குப் பின்னால், பக்கத்தில்...

த்தூ.

...ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை. நம்ம தூண்டில் மணிதான் அடிக்குது. லோவெல், இழு. என்ன மீன்? ஒண்ணும் இல்லையா? சரி. இரையைப் போட்டு மறுபடி இறக்கு. மணி ஆடினா சொல்லு.

எங்கே விட்டேன்? வெர்லின் மரத்துக்கு மரம் போனான். ஒவ்வொரு மரத்தைத் தாண்டும்போதும் பின்னால் கயிற்றுக்கு அடியிலிருந்து சரக்கென்று ஒரு கிளை உருவப்படுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்தால் முன்னால் அடுத்த மரம். இப்படியே போய் ஓர் இடத்தில் முன்னால் மரம் இல்லை. வெறும் மூடுபனி. வண்டியை நிறுத்தினான். பின்னால் கண்ணாடி உருண்டை 'ணிங்' என்று ஆடியது.

கடைசி மரம் மட்டும்தான் பாக்கி. அவன் தொடக்கூடாத மரம்.

திரும்பாமலே சொன்னான்: "ஆர்டெல்... இன்னும் ஒண்ணு இருக்கு. எடுத்துக்குங்க. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

கயிறு அவிழ்கிற சத்தம். அப்புறம் அவன் வலது கைச் சட்டை மேல் ஊசி இலைகள் உரசிக்கொண்டு போயின. மரம் நட்டமாக நின்றபடி அவனைத் தாண்டி முன்னால் போனது. சிவப்பு உருண்டை ஆடிக்கொண்டே போனது. தூக்கிப் போகிற ஆள் தெரியவில்லை. ஆனால் இதைக் கேளுங்க. ஸ்லெட் ஒரு விரல்கடைகூட எழும்பவில்லை. உட்கார்ந்திருந்தது உட்கார்ந்தே இருந்தது. மரம் மட்டும்தான் போனது.

மரம் நின்ற இடத்துக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு பொட்டு. மார்லிஸ் வீட்டு வாசல் விளக்கு.

கரை ஏறி வண்டியை அணைத்தான். கையை ஹேண்டில் பாரிலிருந்து எடுக்க முடியவில்லை. பின்னால் ஸ்லெட் பலகை 'கிறீச்' என்று எழும்பியது... ஆள் இறங்கினால் எழும்புகிற மாதிரி. பூட்ஸுக்குள் தண்ணீர் நிரம்பினால் நடக்கும்போது ஒரு சத்தம் வருமே. சளக். சளக். அது அவனைத் தாண்டி வீட்டுப் பக்கம் போனது. படி ஏறியது. கதவின் ஸ்பிரிங் நீண்டு இழுபட்டது.

உள்ளேயிருந்து மார்லிஸ் குரல். பதறவில்லை, அழவில்லை. தினமும் சொல்கிற மாதிரியே சொன்னாள்:

"பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க. தரை இப்பத்தான் தொடைச்சேன்."

கதவு சாத்திக்கொண்டது. வாசல் விளக்கு அணைந்தது.

வெர்லின் நேரே சர்ச்சுக்கு ஓடினான். கோட்டைக் கழற்றாமலே மீன் வறுத்தான். உப்பு போடவில்லை. ஊர் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறது.

மறுநாள் காலையில் ஸ்லெட்டை எடுக்கப் போனான். மூடுபனி விலகி ஏரி பளபளவென்று கிடந்தது. மரங்கள் வரிசையாக நின்றன. திறந்து கிடந்த பெரிய விரிசலின் முனையைச் சுற்றி, நல்ல வெள்ளை ஐஸாகப் பார்த்து நட்டிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வரிசை வளைந்து தண்ணீர் விளிம்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருந்தது. பஸ் ஓரம் கட்டி ஆள் ஏற்றிக்கொண்டு போன மாதிரி. ஆர்டெல் போன இடம்.

வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ். ஒன்றுக்குள் தண்ணீர், அந்தத் தண்ணீரில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் குஞ்சு சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மார்லிஸ் தெரிந்தாள். "காபி போட்டிருக்கேன், வர்றியா?" என்றாள். வெர்லின் அந்த வாரமே ஊரை விட்டுப் போய், ஏரியே இல்லாத தேசமாகப் பார்த்துக் குடியேறிவிட்டான். கிணறு இருக்கிற வீடுகூட வேண்டாம் என்றானாம்.

"பெரியவரே, ஒரு சந்தேகம்."

கேளு லோவெல்.

"ஆர்டெல் ஸ்லெட்டுல உக்காந்திருந்தாருன்னா... முன்னாடி போய் மரம் நட்டது யாரு?"

அதைத்தான் வெர்லினும் ஹெர்ப்கிட்ட கேட்டான். ஹெர்ப் என்கிட்ட கேட்டான். இந்த ஏரி எத்தனை வருஷமா உறையுது, எத்தனை வருஷமா உருகுது... ஆர்டெல் ஒருத்தர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார். உள்ளே அவர் ஒருத்தர் மட்டுமா இருந்தார்?

அது போகட்டும். நீ கொண்டு வந்தியே ஒரு மரம், அதை எங்கேருந்து பிடுங்கின?

"வரிசை முடியற இடத்துல தனியா நின்னுச்சு. ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, நானும் இதோ இந்த டென்னிஸும் சேர்ந்துதான் இழுத்தோம்."

ஓ.

கதவோட அண்டக் கொடுத்ததாத்தானே சொன்னே?

"ஆமா."

அப்படின்னா கதவு இடுக்குல ஏன் மறுபடியும் காத்து வருது?