பதினேழேகால் அடி

காரை வெளிய எடுக்க முடியலன்னுதானே நிக்கறீங்க? தெரியுது தம்பி, தெரியுது. குடிவந்து முழுசா நாலு நாளாகல, எதிர்வீட்டுக்காரி இரும்புப் பலகையை உங்க கேட்டுக்கு எதிர்ல பாதித் தெரு வரைக்கும் நீட்டி வெச்சிருக்காளேன்னு... கத்தணும்னா கத்திடுங்க. இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு.

இது சாய்தளம். சக்கர நாற்காலி ஏறுறதுக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் தொடையெலும்பு ஒடிஞ்சு, ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு இன்னிக்குத்தான் வீட்டுக்கு வர்றாரு. நாலு மணிக்கு வண்டி. இப்ப மணி என்ன? ... ஐயையோ, மூணே முக்காலா!

குத்துமதிப்பா செஞ்சேன்னு நெனைக்காதீங்க. முப்பத்தோரு வருஷம் பத்தாங்கிளாஸுக்குக் கணக்கு டீச்சர் நான்! வாசப்படி மூணும் சேர்ந்து ஒன்றரை அடி உசரம். சாய்வு அஞ்சு டிகிரிக்கு மேல போனா தள்ளுறவங்களுக்கு மூச்சு வாங்கும்னு நர்சம்மா சொன்னாங்க. தள்ளுறவங்கன்னா யாரு? நாந்தான். சரி. செங்கோண முக்கோணம். எதிர்ப்பக்கம் தெரியும், கோணம் தெரியும், வேணுங்கறது கர்ணம். அப்ப என்ன போடணும்? ... ம்? ... பரவாயில்ல, என் கிளாஸ்லயும் இப்படித்தான் கூரையைப் பாப்பாங்க. சைன்! ஒன்றரையை சைன் அஞ்சால வகுத்தா பதினேழேகால். மயிரிழை பிசகாத விடை.

வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவுல இடம் எவ்வளவா? ... பதினோரு அடி. இன்னிக்குக் காலையிலதான் அளந்தேன். ஆமா, பலகையை முடுக்கிட்டுப் போனதுக்கப்புறம்.

வெல்டிங்காரன் சொன்னான் தம்பி! "டீச்சர், நடுவுல ஒரு திருப்பு வெச்சு மடக்கிடலாம், இல்லன்னா தெருவுக்கு வந்துடும்"னான். என்கிட்ட படிச்சவன். பரீட்சையில பக்கத்துப் பையன் பேப்பரப் பாத்து எழுதி, அவன் பேரையும் சேர்த்து எழுதினவன். அவன் எனக்குச் சொல்றதான்னு, "சைன்னா என்னடா? சொல்லு, அப்புறம் மடக்கு"ன்னேன். பாவம், நான் சொன்ன நீளத்துக்கே நேரா வெட்டி முடுக்கிட்டான். அவனுக்கு சைன் தெரியல, ஆனா கையில டேப்பு இருந்துச்சு. எனக்கு எல்லாம் தெரியும், டேப்புதான் இல்ல. ஏட்டுச் சுரைக்காய்ம்பாங்களே... அந்தச் சுரைக்காயை முப்பத்தோரு வருஷம் கூவிக் கூவி வித்தவ நான். இனிமே கேட்டை சாத்தவே முடியாது. தெருநாய்ங்க ஜம்முனு சவாரி வரும்.

போன் போட்டுட்டேன். வந்து கழட்டறானாம். சிரிப்ப அடக்கிக்கிட்டு "வர்றேன் டீச்சர்"ங்கறான்.

என்ன? ... எப்படி விழுந்தாரா?

அது... மொட்டைமாடித் தண்ணிக்குழாய்ல எலை அடைச்சிருந்துச்சு. எடுக்கறேன்னு ஏறினாரு. பன்னெண்டு அடி ஏணி, அடிக்கால் சுவத்துலேர்ந்து மூணடி. நான் கீழே பிடிச்சுக்கிட்டிருந்தேன். பாதி ஏறிட்டு, "ரொம்ப செங்குத்தா இருக்கும்மா, கொஞ்சம் சாச்சு வெக்கலாமா"ன்னாரு. எனக்குச் சுள்ளுனு வந்துடுச்சு. "காஸ் போட்டா எழுபத்தஞ்சரை டிகிரி. இதுதான் சரி"ன்னேன். "எனக்கென்னமோ ஆடுற மாதிரி..."ன்னாரு. "இருங்க, நிரூபிக்கறேன்"னேன்.

கோணம் சரிதான் தம்பி. இன்னிக்கும் சொல்வேன், சரிதான். ஏணியைப் பிடிச்சிருந்த கை ரெண்டும் கால்குலேட்டரை எடுக்கப் போயிருச்சு. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஏணி வழுக்கிருச்சுன்னேன். அவரும் "ஆமா, வழுக்கிருச்சு"ன்னுட்டாரு. ஒரு மாசமா அதையேதான் சொல்றாரு.

அடடா, வண்டி வந்துருச்சு... நில்லுங்கப்பா, உள்ள வராதீங்க, இடிக்கும்! அங்கயே நில்லுங்க! கதவைத் தொறக்கறாங்க. பலகையப் பாத்துட்டாரு... எந்த மூலையில ஆரம்பிச்சு எந்த மூலையில முடியுதுன்னு தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. சிரிக்கறாரு தம்பி! தோள் குலுங்குது பாருங்க. என்னமோ கேக்கறாரே... "டீச்சரம்மா, விடை சரியா?"ங்கறாரு.

நீங்களே சொல்லிடுங்க தம்பி. தப்புன்னு சொல்லுங்க. எனக்கு அந்த வார்த்தை வாயில வந்து பழக்கமில்ல... தம்பி? ... எங்க போயிட்டீங்க? தம்பி!

...

தப்புங்க! ... கேக்கலையா? தப்பு! ரெண்டும்!