கொம்பு முளைத்த கிதார்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இதுவா அதுவா, எது தெளிவு என்று கேட்பேன். யாரையும் வற்புறுத்தியதில்லை. ஆனால் மிக மங்கலான வில்லைக்கு அடுத்தபடியாகச் சுமாரான ஒன்றை வைத்தால், இதேதான் என்று நிம்மதியாகச் சொல்லிவிடுவார்கள். தாங்களே கண்டுபிடித்த சந்தோஷம் வேறு.

இந்த உத்தியை வீட்டிலும் பயன்படுத்தினேன் என்பதை மறுக்கவில்லை.

என் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கல்லூரி நாளிலிருந்து கிதார் வாசிப்பவர். தாடி என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவரின் இசைக்குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆயிரம் வருடத்துக்கு முன் வடஐரோப்பாவில் வாழ்ந்த வைக்கிங் கடலோடிகளைப் பற்றி மட்டுமே பாடும் குழு. இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றப்போகிறார்கள். மனைவிமாருக்கு வண்டியில் இடமில்லை. வாழ்நாள் முழுக்க இதற்குத்தான் காத்திருந்தேன் என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மருந்துக்கடைக்காரருக்கு இருமல் வந்தால்கூட மருந்தை நான்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

தனக்கென்று ஓர் எலெக்ட்ரிக் கிதார் செய்யக் கொடுத்தார். அதன் உடம்பில் என்ன ஓவியம் தீட்டுவது என்று முடிவு செய்ய முடியாமல் சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்களைப் பரப்பினார். பாம்புத்தலைக் கப்பல், ஜோடிக் காக்கைகள், கோடரி. எல்லாமே நன்றாக இருந்தன. அதுதான் எனக்குச் சிக்கல்.

தாடி மகா கறாரானவர். ஜிப் வைத்த பூட்ஸோடு மேடையேறிய டிரம்மரை, அந்தக் காலத்தில் ஜிப் ஏது என்று கேட்டு அன்றே அனுப்பியவர். வைக்கிங்குகளின் தலைக்கவசத்தில் கொம்பு இருந்ததே இல்லை என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிறகு இரண்டு படங்கள் மட்டும் எடுத்துவந்தேன். முதலில் மாறுகண்ணும் சப்பை மூக்குமாக ஒரு வீரனைக் காட்டினேன். அடுத்து, கொம்பு வைத்தவனை.

“இவன்தான். என்ன கம்பீரம் பாரு,” என்றார். “தாடிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?”

“எதுக்குங்க? நான் எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டேன். நேரா கொண்டுபோய் அசத்துங்க.”

“நீ பாத்தா சரிதான்.”

அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

ஒத்திகையில் உறையைத் திறந்ததும் தாடி கிதாரைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, “தம்பி, இது வைக்கிங்கா, எருமையா?” என்று கேட்டாராம். குழுவே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிதாரைக் காய்ச்சல்காரக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு வந்தவரை உட்காரவைத்து, தலையைக் கோதிவிட்டேன்.

மறுநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. தாடிதான்.

“கோவத்துல பேசிட்டேன்மா. அவர மாதிரி வாசிக்க ஆளு கிடையாது. கொம்ப மட்டும் அழிச்சுட்டு வரச் சொல்லுங்க, வண்டிய நிறுத்தி வைக்கிறேன்.”

சொல்கிறேன் என்றேன். பிறகு அந்த அழைப்பு வந்த பதிவை அழித்தேன். அந்த எண்ணிலிருந்து இனி எதுவும் வராதபடியும் செய்தேன். ஈரத் தலையோடு வந்தவர் யார் போனில் என்று ஆவலாகக் கேட்டார். யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றேன். அவர் முகம் வாடியது. பசியாக இருக்கும் என்று நினைத்துத் தட்டை வைத்தேன்.

வண்டி போய்விட்டது. அவர் கிதாரைத் தொடுவதே இல்லை. நேற்று என் தோளில் சாய்ந்து, “உன்ன விட்டா எனக்கு யாரும் இல்ல,” என்றார்.

அதில் என் பங்கு எதுவுமில்லை. அது அவர் மனதிலிருந்து தானாக வந்தது.