முகத்துவாரத்தில் இரண்டு கைகள்

ராத்திரி எட்டரை இருக்கும். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் ரோடு. கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் டயர் பஞ்சர். டிரைவர் சக்கரத்தைக் கழற்றி, வந்த ஒரு பைக்கில் ஏறிப் போய்விட்டார். ரோட்டில் விளக்கு இல்லை. இரண்டு பக்கமும் வயல்... தவளைச் சத்தம்... எங்கிருந்தோ கருவாட்டு வாசனை.

உள்ளே நாங்கள் மூன்று பேர். நான், பானுப்ரியா, கோட்டைக்குப்பம் சுபஸ்ரீ. பகலெல்லாம் வேலை, அப்புறம் வகுப்பு. பேசக்கூடத் தெம்பில்லை. தூங்கிவிடக் கூடாது என்பதற்காக யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்றேன். சுபஸ்ரீ தன் மாமா கதையைச் சொன்னாள். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். எனக்குப் படகு தெரியாது. சில இடங்களில் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

மாமா பெயர் பூபதி. பைபர் போட் வைத்திருக்கிறார். கூடப் போவது அவர் மனைவியின் தம்பி மோகன்குமார். கடலிலிருந்து வீட்டுக்கு வர வேண்டுமென்றால் ஏரி கடலில் சேரும் வாயைத் தாண்ட வேண்டும்... முகத்துவாரம். ஏரித் தண்ணீர் வற்றி வெளியே ஓடும் நேரத்தில் கடல் அலை உள்ளே தள்ளும். இரண்டும் மணல்மேட்டின் மேல் முட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் அலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ஒரு அலையின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டுமாம். முந்தினால் போட் மூக்கு குத்தும். பிந்தினால் அடுத்த அலை தலையில் விழும்.

இன்ஜினில் இருப்பவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. பின்னால் வருகிற அலையைப் பார்த்தால் பயத்தில் கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடும். அதனால் இன்னொருவர் முன்னால், அணியம் என்கிற போட் மூக்கில், கடலைப் பார்த்துத் திரும்பி நிற்பார். ஒரு கை கயிற்றில். இன்னொரு கைதான் பேசும். தூக்கினால் நில். இறக்கினால் வா. அந்தச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. கையை மட்டும்தான் நம்ப வேண்டும்.

அன்றைக்கு இரண்டு நாள் தூங்காமல் திரும்பி வந்தார்கள். வலையில் ஒன்றும் பெரிதாக இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது. மேற்கே ஏரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் எதிரில் மோகன் கறுப்பாக நின்றான். முகம் தெரியவில்லை. உருவம் மட்டும்.

கை உயர்ந்தே இருந்தது.

மாமா இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருந்தார். டுப்... டுப்... டுப்... மண்ணெண்ணெய்ப் புகை. உட்கார்ந்தபடியே கண் சொருகிற்றாம். குப்பத்து விளக்குகள் தெரிந்தன. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கை இறங்கியது.

அப்பாடா என்று முறுக்கப் போனார். அப்போதுதான் பார்த்தார். ஒரு கை இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு கை... உயர்ந்தே நிற்கிறது.

மச்சான் கயிற்றை விட்டுவிட்டு விளையாடுகிறான் என்று நினைத்துத் திட்டினார். அலைச் சத்தம் விழுங்கிவிட்டது. இறங்கிய கை மறுபடி மேலே போய், வா வா என்று இறங்குகிறது. உயர்ந்த கை அசையவில்லை. எந்தக் கையை நம்புவது? அவருடைய நைனா ஒரு கைக்குத்தான் பழக்கியிருந்தார்.

காற்று கடலிலிருந்துதான் அடித்தது. ஆனால் மூக்கில் ஏரிச் சேற்று நாற்றம்... கனமாக...

மாமா முறுக்கவில்லை. தைரியத்தில் இல்லை என்று அவரே சொன்னாராம். அசதி. கை எழும்பவில்லை.

போட் அடியில் ஏதோ உப்பித் தூக்கியது. பின்னாலிருந்து வந்த அலை, இவர்களை ஒரு ஆள் உயரம் தூக்கி இறக்கிவிட்டு முன்னால் போனது. மணல்மேட்டில் போய் எழுந்தது. கீழே தரை தெரிந்ததாம். கறுப்புச் சேறு. பிறகு விழுந்தது. கிளம்பியிருந்தால் சரியாக அந்த இடத்தில்தான் போட் இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் உயர்ந்திருந்த கை இறங்கியது. மாமா முறுக்கினார். ஒரே ஓட்டம். இரண்டு இடி... ஒரு சறுக்கல்... அப்புறம் ஏரி. சத்தமே இல்லை.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னாடா மச்சான், கயித்த உட்டுட்டு ரெண்டு கையையும் ஆட்டிகினு இருந்த?"

எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். மோகன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தான். விரல்கள் விறைத்துப்போய்த் திறக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"நான் கையத் தூக்கவே இல்ல மாமா," என்றானாம். "தூக்க முடியல. ரெண்டு கையாலயும் புடிச்சிகினுதான் நின்னேன். நீயா பாத்துதான் ஓட்டிகினு வந்தன்னு நெனச்சேன்."

ஆட்டோவில் பானு, பேய்களுக்குள்ளேயே ஒத்துமை இல்ல போலிருக்கு, ஒண்ணு வான்னுது, ஒண்ணு வேணான்னுது என்றாள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மோகன் அதோடு கடலை விட்டுவிட்டான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். இப்போது வேறு ஆள் வருகிறார். முகத்துவாரம் வந்ததும் மாமா அவரைத் தன் காலடியில் உட்கார்த்தி வைத்துக்கொள்கிறாராம். அணியம் காலி. ஆனாலும் இருட்டுகிற நேரத்தில் வந்தால், அங்கே இரண்டு கை தெரியும். ஒன்று இறங்கி இறங்கிக் கூப்பிடும். ஒன்று தூக்கியபடியே நிற்கும். தூக்கிய கை இறங்கும் வரைக்கும் மாமா காத்திருப்பார். ஒரு தடவைகூட அது பொய் சொன்னதில்லை. பழகிவிட்டது என்கிறாராம்.

"அப்ப நல்லதுதானேடி," என்றாள் பானு.

சுபஸ்ரீ வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ரெண்டு கையும் ஒண்ணா எறங்குச்சாம். மாமா முறுக்கப் போயிட்டாரு. காலுகிட்ட ஒக்காந்திருந்தவர்தான் பின்னாடி பாத்துட்டு அவர் கையப் புடிச்சி நிறுத்துனாரு. அவ்ளோ பெரிய அலைய மாமா பாத்ததே இல்லையாம். ராத்திரி முழுக்க வெளியில கடல்லயே கெடந்துட்டு, விடிஞ்சப்புறம் வந்தாங்க. ரெண்டு கையும் அதுவரைக்கும் கூப்டுகினே இருந்துச்சாம்."

இன்றைக்கு மாமா கடலுக்குப் போகவில்லைதானே என்று கேட்டேன்.

"போயிருக்காரு," என்றாள். "கூட வர்றதுக்குத்தான் இன்னிக்கு ஆள் கெடைக்கல."