படகின் பின்பலகையை அறுத்தது பற்றி சலாவுதீன் சொன்னது

பெயர் சலாவுதீன், வயது ஐம்பத்தொன்று, தகப்பனார் காலஞ்சென்ற அப்துல் ஹக்கீம் ராவுத்தர், இருப்பிடம் மட்டாஞ்சேரி கப்பலண்டிமுக்கு அருகில் குடும்ப வீட்டின் தெற்குப் பகுதி. தொழில், கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. இந்த நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்த போலீஸ் ஆபீசர் சுபாஷிணி கேட்க, நான் சொல்ல, அவர் எழுதியது.

மேற்படி வீட்டின் வடக்குப் பகுதியில் என் தம்பி ஃபயாஸ், அவன் மனைவி ஜஸ்னா, பிள்ளைகள் இருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், அதன்படி அடுக்களை இரண்டு, முற்றம் மட்டும் பொது. ஃபயாஸ் வளைகுடாவில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவன். கம்பெனி ஆளைக் குறைத்தபோது திரும்பி வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருக்கவில்லை, போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல்காரர் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய ஃபைபர் படகைப் பேசி முடித்து, மினி லாரியில் ஏற்றிப் பொது முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினான். அதைச் சரிசெய்து, சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் காயலில் கூட்டிக்கொண்டு போய்ப் பிழைப்பது அவன் எண்ணம். அதில் எனக்கு விரோதம் இல்லை. முதலில் போட்ட நீலத் தார்ப்பாய் என் கடையில் இருந்து நான் கொடுத்தது.

அதன் பிறகு அவன் வீட்டிலேயே வேலையை ஆரம்பித்தான். ஆள் வைக்க வசதி இல்லாததால் உரசுவதும் ஒட்டுவதும் எல்லாம் தானே செய்தான். ரெசின் என்கிற பசையை ஐஸ்கிரீம் டப்பாவில் கலக்குவான், கண்ணாடி நார்ப் பாயை ஜஸ்னாவின் தையல் கத்தரிக்கோலால் வெட்டுவான். படகை உரசிய தூள் கொடியில் காயும் துணியில் படிந்து எங்கள் வீட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தோம். என் மனைவி லதீஃபா துணியை மாடிக்கு மாற்றினாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடு அசையாமல் தின்னும் என்பார்கள், இந்தப் படகு கவிழ்ந்து கிடந்தே தின்றது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

படகின் பின்பக்கம், என்ஜினைத் தொங்கவிடும் பின்பலகை என்று ஒன்று உண்டு. வெளியிலும் உள்ளேயும் ஃபைபர், நடுவில் மரம். பழைய போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் ஊறிச் செத்துப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. நான் படகு செய்கிறவன் அல்ல. ஆனால் படகுக்காரர்களுக்குக் கயிறு விற்று விற்று அவர்கள் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன், தொப்பென்று கேட்டது. ஓட்டையில் விரலை வைத்து அமுக்கினேன், கறுப்புத் தண்ணீர் வந்தது. மரத்தை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும் என்று சொன்னேன். ஃபயாஸ் அதற்கு, துளை போட்டு வெயிலில் காயவிட்டுப் பசையை ஊற்றினால் போதும், மரம் வாங்கக் கையில் காசில்லை என்றான். பேச்சு முற்றியது. அவனுடைய பழைய கம்பெனி நண்பர்கள் இரண்டு பேர் சாயா குடித்துக்கொண்டு நிற்கும்போது நான், "தொட்டி ஒட்டினவனுக்கு வள்ளத்தப் பத்தி என்னடா தெரியும்?" என்று கேட்டேன். நண்பர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் என் நீலத் தார்ப்பாய் மடித்து என் கடை மேசைமேல் இருந்தது. படகின்மேல் வேறு யாரிடமோ வாங்கிய மஞ்சள் தார்ப்பாய் கிடந்தது. அன்று முதல் தம்பி என்னோடு பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. எங்கள் குடும்பத்தில் இது புதிது இல்லை. அத்தாவும் அவருடைய தம்பியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாகும்வரை பெண்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அதே வழக்கப்படி, அவன் சொல்ல வேண்டியதை லதீஃபாவிடம் சொல்வான், நான் சொல்ல வேண்டியதை லதீஃபாவிடமோ ஜஸ்னாவிடமோ சொல்வேன். மோட்டார் ஓடுகிறது நிறுத்தச் சொல், கேட்டைப் பூட்டச் சொல், இப்படியே நடந்தது.

அதன் பிறகு லதீஃபாவின் தாய்மாமன் மௌத்தாகிவிட்டதால் நானும் அவளும் மகள் ஷிஃபாவும் பாலக்காட்டுக்குப் போனோம். இறந்தவருக்காக ஓதும் கத்தம் முடிந்துதான் திரும்பினோம். வந்து பார்த்தபோது படகை நிமிர்த்தி வைத்திருந்தான், பின்பலகை உள்ளும் புறமும் மூடி, வெள்ளை அடித்து, பளபளவென்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் இல்லாத நேரம் பார்த்து உள்பக்கம் தட்டினேன். அதே தொப்.

அதன் பிறகு பழைய என்ஜின் ஒன்று வந்தது, பின்பலகையில் மாட்டினான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் படகை இறக்குவதாக முடிவாயிற்று. அதிகாரிகள் சோதனை அடுத்த வாரம்தான், முதல் சுற்று வீட்டு ஆட்கள் மட்டும் போவது என்று ஏற்பாடு. வீட்டு ஆட்கள் என்றால் அவன் பிள்ளைகள், ஜஸ்னா, லதீஃபா, என் மகள் ஷிஃபா. ஷிஃபாவுக்கு நீச்சல் தெரியாது. கப்பல் போகும் பாதையில் அலை அடிக்கும்போது பின்பலகை பிய்ந்து என்ஜினோடு போனால் தண்ணீர் பின்னாலிருந்து ஏறும், நினைத்துப் பார்க்க நேரம் இருக்காது. மகளை அனுப்ப வேண்டாம் என்று லதீஃபாவிடம் சொன்னேன். "எல்லாரும் போறப்ப இவ மட்டும் கரையில நிக்கவா? அவன் பிள்ளைங்களும்தானே ஏறுது?" என்று கேட்டாள்.

அதனால் வியாழக்கிழமை லதீஃபாவை அனுப்பி, பின்பலகை மரத்தை மாற்றினானா இல்லையா என்று கேட்டுவரச் சொன்னேன். அவள் போய்க் கேட்டு வந்து அவன் சொன்ன பதிலைச் சொன்னாள். "வள்ளம் என்னோடது. பயமிருக்கிறவங்க கரையில நிக்கட்டும்." நான் கேட்டதற்கு ஆம் இல்லை என்று இரண்டில் ஒன்று சொன்னால் போதும். அதை அவன் சொல்லவில்லை. மாற்றியிருந்தால் சொல்லியிருப்பான், சொல்லாததால் மாற்றவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. என் நினைவில் நான் ஜும்ஆவைத் தவறவிட்டது காய்ச்சலில் கிடந்தபோது மட்டும்தான். பெண்கள் வடக்கு அடுக்களையில் நெய்ச்சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஃபயாஸின் வெட்டும் மெஷின் முற்றத்திலேயே கிடந்தது. என் பகுதியில் இருந்து வயர் இழுத்துச் சொருகி, வாயில் துணி கட்டிக்கொண்டு, என்ஜினுக்கு இடப்பக்கம் வெளியிலிருந்து மேலிருந்து கீழாக அறுத்தேன். பிறர் உடைமை என்று தெரிந்தேதான் அறுத்தேன். யாரும் தூண்டவில்லை.

முதலில் வெள்ளைத் தூள் வந்தது. பிறகு மரத்தூள் வந்தது. அது மஞ்சளாக, காய்ந்ததாக இருந்தது, மரக்கடையில் வருகிற வாசனை வந்தது. ஊறிய மரமாக இருந்தால் கறுப்பாகக் கூழ்போல வந்திருக்க வேண்டும். எனக்கு அப்போதே தெரிந்தது. இந்த இடத்தில் நிறுத்தினீர்களா என்று ஆபீசர் கேட்கிறார். நிறுத்தவில்லை. இடப்பக்கம் காய்ந்திருந்தால் வலப்பக்கம் ஊறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு வலப்பக்கமும் அறுத்தேன். அங்கேயும் மஞ்சள் தூள்தான். அதற்குமேல் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன், பலகை பிளந்து என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்பக்கம் மிதப்புக்காக ஃபோம் நிரப்பி மூடியிருந்தான். பாலக்காட்டில் இருந்து வந்து தட்டியபோது தொப்பென்று கேட்டது அந்த ஃபோம்தான். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் படகின் அடிப்பக்கத்தில் மெஷினை வைத்தேன். எங்கேயாவது ஒரு கை அகலம் அழுகல் கிடைக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

அப்போது மெஷின் நின்றுபோயிற்று. ஜஸ்னா வயரைப் பிடுங்கியிருந்தாள். "மச்சான், அது புதுப் பலக. நீங்க பாலக்காட்டுக்குப் போயிருந்தப்ப மாத்தினாரு. நீங்க சொன்னதுதான் சரின்னு என் வளையலக் கேட்டு வாங்கிட்டுப் போய் அடகு வச்சுப் பலகைய மாத்தினாரு" என்றாள். அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "சொல்லக் கூடாதுன்னாரு. சொன்னா மச்சான் ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவாருன்னாரு" என்றாள். அவள் அழவில்லை, கையில் கரண்டி இருந்தது. அவன் சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லிக் காட்டியிருப்பேன்.

பள்ளிவாசலில் இருந்து எல்லோரும் வந்தார்கள். ஓதுவதற்காகக் கூட்டிவந்த முஸலியார் வாசலிலேயே நின்றுவிட்டார். ஃபயாஸ் வந்து அறுத்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லதீஃபாவைப் பார்த்து, "மதினி, இன்னும் எங்கேயாச்சும் அறுக்கணுமான்னு உங்க மாப்பிள்ளகிட்ட கேளுங்க" என்று சொன்னான். லதீஃபா என்னிடம் கேட்கவில்லை. ஷிஃபாவைக் கூட்டிக்கொண்டு வடக்குப் பகுதிக்குள் போய்விட்டாள். இன்றுவரை இரண்டு பேரும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள்.

அதன் பிறகு ஃபயாஸ் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தான். ஆபீசர் எங்களை வரவழைத்து, சமாதானமாகப் போகிறீர்களா என்று இருவரையும் தனித்தனியே கேட்டார். அண்ணன் தன் வாயால் தப்பு என்று ஃபயாஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகத் தம்பி சொன்னதாக ஆபீசர் சொன்னார். நான் அதற்கு, மரத்தை மாற்றியதை அவன் முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று போய்ச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு ஆபீசர், உங்கள் வீட்டு மருமகள்போலச் சேதி கொண்டுபோவது என் வேலை இல்லை, அவன் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான், நீங்களே எழுந்து போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லிப் பேனாவை வைத்துவிட்டார்.

நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து கதவு வழியாக அவன் கால் தெரிந்தது. கணுக்காலில் பசை ஒட்டிக் காய்ந்து உரியாமல் இருந்தது. பிறகு ஆபீசரிடம், வழக்கு நடக்கட்டும், மீதியை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

எழுதியதை ஆபீசர் வாசிக்க முழுவதும் கேட்டேன். நடந்தது இதுதான், நான் சொன்னதும் இதுதான். இதில் நீக்கவோ சேர்க்கவோ எனக்கு எதுவும் இல்லை.

(ஒப்பம்)
அ. சலாவுதீன்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு என்னால் எழுதப்பட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு மேற்படி நபர், புகார்தாரர் உட்கார்ந்திருந்த முன்வாசல் வழியாகப் போகாமல், பின்வாசல் வழியாகப் போக அனுமதி கேட்டுப் போனார்.

(ஒப்பம்)
சுபாஷிணி